ஏறாத கூண்டு

தூத்துக்குடி துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுவதுதான் தேவபிரசாதத்தின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதேதான். வானிலை ஆபீஸிலிருந்து தந்தி வந்தால் ஏற்றணும், தந்தி வந்தால் இறக்கணும். சொந்த மூளைக்கு அதில் இடம் கிடையாது. பாவி மனுஷனுக்கு மூளை இருந்து தொலைத்ததே, அதுதான் வம்பு.

எழுபத்தொன்றில் ஒருநாள் முட்டு வலித்தது, கடல் சரியில்லை என்று மனசில் பட்டது. தந்திக்குக் காத்திராமல் ஏற்றிவிட்டார். அன்றைக்கென்று பார்த்து நாளெல்லாம் வெயில் கொளுத்தியது. கூண்டை நம்பி வள்ளமெல்லாம் கரையில் கிடந்தன. ஆபீஸில் மெமோ கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. "அண்ணாச்சி, முட்டு வலிச்சா தைலம் தேயுங்க, கூண்டு ஏத்தாதிய" என்று டீக்கடையில் இரண்டு வருஷம் கிண்டலடித்தார்கள். ரோஷக்கார மனுஷன், கூனிக் குறுகிப் போனார்.

எழுபத்துமூணு ஐப்பசி. மகள் ஹில்டாவுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். மருமகன் பாஸ்கல் உப்பள முதலாளி ஒருவரின் சொந்த லாஞ்சுப் படகுக்கு டிரைவர். விருந்தாளி வந்தால் கரையோரமாக மணப்பாடு வரை சுற்றிக் காட்டணும். அன்றைக்கும் மதுரையிலிருந்து நாலு பேர், பிரியாணி அண்டாவோடு வந்திருந்தார்கள். முதலாளியும் கூடவே ஏறிக்கொண்டார்.

காலையில் காற்றே இல்லை. ஆனால் அலை மட்டும் பெருசு பெருசாக வந்து பாறையில் அறைந்தது. தூரத்தில் எங்கோ புயல் கிளம்பிவிட்டது என்று தேவபிரசாதத்துக்குப் பட்டது. கயிற்றைக் கையில் எடுத்தார். அந்தத் தைலப் பேச்சு ஞாபகம் வந்தது. தந்தி வரட்டும் என்று கயிற்றைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார். துறைமுக வாயைத் தாண்டும்போது லாஞ்சிலிருந்து பாஸ்கல் கை காட்டினான். இவரும் காட்டினார்.

தந்தி பதினொன்றரைக்கு வந்தது. அதற்குள் வானம் கறுத்து, காற்று ஆளைத் தள்ளியது. கூண்டை ஏற்றி முடிப்பதற்குள் உள்ளங்கை உரிந்துவிட்டது. யாருக்காக ஏற்றுவது? பார்க்க வேண்டியவன் பதினைந்து மைலுக்கு அப்பால் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருக்கிறான். கத்தினால் கேட்குமா, ஓடினால் எட்டுமா? மாதாவே மாதாவே என்று புலம்பினார். மழை வந்து கடலையே மறைத்தது. போட்டுக்காரர்கள் ஒவ்வொருவர் காலிலும் போய் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"ஒம்ம கூண்டு ஏறிக் கிடக்குல்லா, எவன் போவான்?" என்றார் ஒருவர். இவர் அடுத்த போட்டை நோக்கி ஓடினார்.

சாயங்காலம் சேதி வந்தது. முதலாளியையும் விருந்தாளிகளையும் புன்னைக்காயல் தோணிக்காரர்கள் கரை சேர்த்துவிட்டார்கள். லாஞ்சு மூழ்கிவிட்டது. நின்றுபோன எஞ்சினைப் பார்க்கக் கீழே இறங்கிய பாஸ்கல் மட்டும் மேலே வரவில்லை.

ஹில்டா கொடிமரத்தடிக்கு வந்தாள். அழவில்லை. திட்டியிருந்தாலாவது மனுஷன் தாங்கியிருப்பார்.

"காலையில அவியளுக்கும் மனசு சரியில்லப்பா" என்றாள். "வாசல்ல நின்னு இந்த மரத்தைத்தான் பார்த்தாவ. ‘மாமா கூண்டு ஏத்தல, அப்போ பயமில்ல’ன்னு சொல்லிட்டுத்தான் போனாவ."