கிழிந்த சேலை கேட்ட ஓவியர்

கோவையில் ஓர் ஓவியக் கண்காட்சி. நுழைந்ததும் சாயம் கரைக்கும் டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறியது. மேடையில் நான் முன்பின் அறியாத ஓர் ஓவியர், "ஏழைகளின் வலிதான் என்னை வரைய வைக்கிறது" என்றார். கூட்டம் உருகியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

என் சின்ன வயதில், பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் அம்மா களையெடுக்கப் போன தோட்டத்து வீட்டிலும் இதே வாடைதான் அடிக்கும். தோட்டத்துக்காரர் படம் வரைவார். ஒருநாள் அம்மாவை வரைவதாகச் சொன்னார். அம்மா தலைக்குக் குளித்து, இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டி, பவுடர் பூசி, என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அதுவரை அவளை யாரும் போட்டோகூட எடுத்ததில்லை.

அவர் முகம் சுளித்தார். "ஏ மயிலா, இதென்ன கண்ணாலத்துக்கா வந்தே? போயி அந்தக் கிழிஞ்ச சேலையக் கட்டிட்டு வா. அப்பத்தான் பாக்கறவங்களுக்கு அழுகை வரும்."

"நல்லா இருந்தா வரைய வராதுங்களா?" என்றாள் அம்மா.

"கலையப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"அப்ப உங்கூட்டு அம்மணிக்குக் கிழிஞ்சதக் கட்டிவிட்டு வரைஞ்சுபோடுங்க. நான் வாரேனுங்க."

மறுநாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் அம்மாவுக்கு வேலை இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கலை ஏன் பிறக்கிறது என்று பெரியவர்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். அந்தத் தோட்டத்துக்காரரை வரைய வைத்தது, தன்னை இரக்கமுள்ளவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான்.

மேடையில் இருந்தவர் கேள்விகள் உண்டா என்றார். எழுந்து, "நீங்க வரைஞ்சவங்க இந்தப் படங்களைப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இதெல்லாம் எங்கீங்க அம்மணி புரியும்?" என்றார், மிகுந்த மரியாதையோடு.