ஒரு முறம் தவிடு

பெரியவனாகப் பிறந்ததே ஒரு தண்டனை என்று என் மூத்த மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் அவனை மறுத்துப் பேசுவதில்லை. "நீ பெரியவன்தானே, விட்டுக்கொடேன்" என்று என் மனைவி சொல்லும்போதெல்லாம் அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். அதே வாக்கியத்தைச் செஞ்சியில் வேளை தவறாமல் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஒரு பையனை வளர்க்கத் தாய் தகப்பன் போதும். இரண்டு பையன்களை வளர்க்கக் கோர்ட்டு வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாதான் கோர்ட்டு. நைனா பஸ் டிரைவர். அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. வண்டியின் பின்னால் உயரமான ஓர் அடுப்பை மாட்டி, அதில் கரியைக் கொட்டி, கிளீனர் வியர்க்க வியர்க்கக் காற்றுச் சக்கரத்தைச் சுற்றிய பிறகுதான் பஸ் கிளம்ப மனசு வைக்கும். காலையில் திண்டிவனத்துக்குப் போகிற நைனா சாயங்காலம் திரும்பும்போது பல்லும் கண்ணும் மட்டுமே வெள்ளையாக இருக்கும். வந்ததும் குளிக்கப் போய்விடுவார். எங்கள் வழக்கு எதையும் அவர் விசாரித்ததாக நினைவில்லை.

சண்டை வராமலிருக்க அம்மா கண்டுபிடித்திருந்த ஒரே வழி, எதையும் இரண்டாக வாங்குவது. கொய்யாப்பழம் என்றால் இரண்டு. பலப்பம் என்றால் இரண்டு. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கினால்கூட இரண்டு. எதுவாக இருந்தாலும் தம்பியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வோம். இரண்டாக வாங்க முடியாத பொருள் வீட்டுக்குள் வந்தால் அன்றைக்கு ரகளைதான்.

அப்படி வந்தது ஒரு ஹாரன். உடைத்துப் போட்ட பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றியது. பித்தளைக் குழலும் ரப்பர் குமிழும் வைத்தது. நைனா அதை என் கையில்தான் கொடுத்தார். அன்று முதல் எங்கள் தெருவில் ஒரு பஸ் ஓடியது. நான் டிரைவர், தம்பி பயணி. பயணிக்கோ டிரைவர் வேலைமேல் ஒரு கண். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, தன்னையும் ஒருதரம் ஓட்டவிடச் சொல்லி அழுவான். நான் விட்டதில்லை. லைசென்சு வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து, அவன் எருமைக்கு வைத்திருந்த கழுநீர்த் தொட்டியில் ஹாரனை முக்கிக் குமிழ் நிறைய உறிஞ்சிக்கொண்டு கோழிகளைத் துரத்தித் துரத்திப் பீய்ச்சியிருக்கிறான். நான் வந்து அமுக்கினால் ஹாரன் கொளகொளவென்றது. ஊதினேன், உலுக்கினேன், வெயிலில் வைத்தேன். அதன் குரல் திரும்பவே இல்லை.

நியாயம் கேட்டு அம்மாவிடம் ஓடினேன். நான் போன நேரம் சரியில்லை. அம்மா எருமையின் மடியோடு மன்றாடிக்கொண்டிருந்தாள். அரிசியையே ரேஷனில் அளந்து கொடுத்த நாட்களில் மாட்டுக்குத் தவிடு ஏது? வெறும் வைக்கோலைத் தின்று தின்று எருமை பாலை நிறுத்திக்கொண்டே வந்தது. நான் ஹாரனை நீட்டிக் கதறினேன். தம்பி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்கு அழகு காட்டினான். அம்மா இருவரையும் பார்த்தாள். பிறகு சொம்பின் அடியில் கிடந்த பாலைப் பார்த்தாள். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தம்பியின் காதைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"தவுட்டுக்கு வாங்கின புள்ளதான நீ. அந்த ஒரு மொறம் தவுட்ட சிங்கவரத்துக்காரிகிட்ட குடுக்காம இந்த எருமைக்கு வச்சிருந்தா, ரெண்டு வேள பாலாச்சும் கறந்திருக்கும்."

குப்பையில் எடுத்தோம், தவிட்டுக்கு வாங்கினோம் என்று பிள்ளைகளைக் கேலி செய்யாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. எல்லா வீட்டிலும் அது வெறும் பேச்சு. ஆனால் அம்மா ஆளையும் ஊரையும் சொல்லிவிட்டாள். அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

சிங்கவரத்தம்மாவை எனக்குத் தெரியும். கூலிக்குக் களை எடுக்கிறவள். வேலை இல்லாத நாட்களில் கீரைக்கட்டுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு செஞ்சி கடைத்தெருவுக்கு வருவாள். போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலில் நிற்பாள். "எம் புள்ள எங்க?" என்றுதான் கேட்பாள். நான் எதிரிலேயே நின்றாலும் அவள் கண் தம்பியைத்தான் தேடும். மடியிலிருந்து நாவல்பழமோ வெள்ளரிப்பிஞ்சோ எடுத்து அவன் கையில் திணிப்பாள். பெற்றவளுக்குப் பாசம் இருக்காதா என்று இப்போது எனக்குப் புரிந்தது. தம்பியின் பெயர் விஷயமும் விளங்கிற்று. ஞானஸ்நானத்தில் அவனுக்கு வைத்தது ஒரு பெரிய புனிதரின் பெயர். ஆனால் கோயில் சாமியாரைத் தவிர ஊரே அவனைக் குப்பு என்றுதான் கூப்பிட்டது. குப்பையிலிருந்து வந்தவனைக் குப்பு என்னாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. பையன் நம்மிடம் இருக்கிறான், தவிடு அங்கே இருக்கிறது. மாற்றிக்கொண்டால் எருமை தின்னும், பால் கறக்கும், அம்மாவின் கோபம் தீரும், இனி என் சாமான்களும் தப்பிக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத இந்த யோசனை பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

சனிக்கிழமை அம்மா கிணற்றுக்குத் துணி துவைக்கப் போன சமயத்தில் ஒரு கோணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். இன்றைக்குப் பஸ் சிங்கவரம் வரைக்கும் போகிறது, நீதான் டிரைவர் என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லைசென்சு வேண்டாமா என்று அவனே கேட்டான். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

தன்னை விற்கப் போகிற இடத்துக்கு அவ்வளவு சந்தோஷமாக யாரும் வண்டி ஓட்டிப் போயிருக்க மாட்டார்கள். மலையடிவாரத்து மண்பாதையில் அவன் முன்னால் ஓட, நான் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பயணியாகப் போனேன். வாயாலேயே ஹாரன் அடித்தான். மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினான். வழியில் காலில் முள் தைத்தது. உட்காரவைத்துப் பிடுங்கினேன். நொண்டிப் பிள்ளை என்று தவிட்டைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு.

பாதி வழியில் ஒரு புளியமரம். அங்கே கரி போட வேண்டும் என்று வண்டியை நிறுத்தினான். கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து மரத்தடியில் குவித்தான். கொஞ்சம் எடுத்துத் தன் முதுகுப் பக்கமாக வீசி அடுப்பில் போட்டுக்கொண்டான். மிச்சத்தை என்னிடம் காட்டினான். "இது திரும்பி வர்றதுக்குண்ணா. யாரையும் எடுக்கவுடாத" என்றான்.

சிங்கவரத்தம்மா குடிசை வாசலில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இன்னாடா, ரெண்டு பேரும் தனியா வந்துக்கிறீங்க? அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் கோணியை விரித்துப் பிடித்தேன். "இவன நீயே வச்சிக்க. எங்க தவுட்டக் குடு. எருமைக்கு இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் கயிற்றில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி மிரண்டு எழுந்தது. அப்புறம் சிரிப்பை முழுங்கிக்கொண்டு, வியாபாரத்துக்கு வந்தவனிடம் பேசுகிற மாதிரியே என்னிடம் பேசினாள். பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள் என்றாள். அவன் கால்களைக் கழுவிவிட்டு, இருவருக்கும் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் முறம் நிறையத் தவிடு கொண்டுவந்து என் கோணியில் கொட்டினாள். அவள் சட்டென்று ஒத்துக்கொண்டது எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பேரம் பேசத் தயாராக வந்திருந்தேன்.

தம்பி ஆட்டுக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தான். நான் போகிறேன் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி என்றான்.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பாதையில் சத்தமே இல்லை. வரும்போது அந்தப் பாதையில் ஒரு பஸ் ஓடியது. இப்போது ஒரு பையன் நடந்துகொண்டிருந்தான். வாயால் ஹாரன் அடித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. புளியமரத்தடிக்கு வந்தேன். அவன் குவித்து வைத்த கற்கள் அப்படியே இருந்தன. திரும்பி வருவதற்கு என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அழுதேன். எருமை நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினேன்.

சிங்கவரத்தம்மா பாதையிலேயே நின்றுகொண்டிருந்தாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. என் பின்னாலேயே கிளம்பி வந்திருக்கிறாள். "தவுடு வாணாம். அவனக் குடுத்துடு" என்றேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் உடனே கொடுக்கவில்லை. என்னைத் திரும்பத் தன் குடிசைக்கு அழைத்துப் போய், வாசலில் முறத்தை வைத்து, கோணியிலிருப்பதை அதில் கொட்டச் சொன்னாள். கொட்டினேன். இப்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"குப்பையில கெடந்தான், நான் எடுத்தேன். எம் புள்ள. தவுட்டக் குடுத்து வாங்கிக்கினியா?"

"வாங்கிக்கினேன்."

"இனிமே யாரு வந்து கேட்டாலும் இவன் உங்க புள்ள இல்ல, எம் புள்ள. நீங்க சும்மா வளக்கறீங்க. தெரிஞ்சிதா?"

தெரிந்தது என்று தலையாட்டினேன். மனசுக்குள் ஆத்திரமாக இருந்தது. தவிட்டையும் வாங்கிக்கொண்டு, பிள்ளையும் தன்னுடையது என்கிறாளே, இது என்ன வியாபாரம்? ஆனால் அவள் தம்பியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். கனமாக இருந்தான். ஆட்டுக்குட்டியை விட்டு வர மாட்டேன் என்று உதைத்தான்.

அவளே எங்களைச் செஞ்சி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். புளியமரத்தடியில் பஸ் நின்று கரி போட்டுக்கொண்டது. நானும் ஒரு கை கல் எடுத்துப் போட்டேன். அம்மா தெருமுனையில் ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். தேடாத இடமில்லை போலிருக்கிறது. அவள் கையில் புளியம் விளாறு இருந்தது. சிங்கவரத்தம்மா முன்னால் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் என்னென்னவோ ஆயிற்று. கடைசியில் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தவுட்ட அவ மொறத்துலதான கொட்டின? கீழ சிந்தலயே?"

சிந்தவில்லை என்றேன். விளாறு கீழே விழுந்தது. அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், எலும்பு வலிக்கிற அளவுக்கு. பிறகு சிங்கவரத்தம்மாவைப் பார்த்து, "உம் புள்ளதாம்மா, உம் புள்ளதான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

நைனா சாயங்காலம் வந்து, கரி முகத்தோடு கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். யுத்தத்தில் எல்லாச் சாமானும் விலை ஏறிப்போன காலத்தில் பழைய விலைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிட்டானே, பெரியவன் கெட்டிக்காரன் என்றார். இதைச் சாமியார் காதில் போட்டுவிடாதே என்றும் சொன்னார்.

அந்த வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு அம்மா இரண்டு மெழுகுவத்தி வாங்கினாள். கோயில் கல்லறைத் தோட்டத்தில், மதிலோரமாக, சிலுவைகூட நடாத ஓரிடத்தில் வழக்கம்போல் ஏற்றிவைத்தாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்து, மாதம் திரும்புமுன் போய்விட்ட இரண்டு குழந்தைகள் அங்கே இருந்தார்கள். அடுத்துப் பிறந்தவனையாவது காப்பாற்ற வேண்டுமென்று அம்மா அவனைக் குப்பைமேட்டில் கிடத்தினாள், சிங்கவரத்தம்மா எடுத்தாள், அம்மா அவளிடமிருந்து ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கினாள். சாவு தேடி வந்தால், இது எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லி அனுப்புவதற்காக. இதெல்லாம் நான் தகப்பனான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மெழுகுவத்தி இரண்டு என்பதுதான். நாங்கள் சண்டை போடாமலிருக்க, எனக்கொன்று, தம்பிக்கொன்று. என்னுடையதுதான் பெரியது என்று நான் சொன்னேன். இல்லை, தன்னுடையதுதான் என்று அவன் சொன்னான். கல்லறை என்றும் பார்க்காமல் அவன் என்னைத் தள்ளினான், நான் அவனைத் தள்ளினேன். அம்மா எங்களை அதட்டவில்லை. குனிந்து, காற்றில் அணையப் பார்த்த சுடர்களுக்குக் கையை மறைவாகப் பிடித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றாள்.