தம்பி பஸ் பிடித்த காலை

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. மொத்தம் நான்கு கம்ப்யூட்டர்கள். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏசி ஓடுகிற அறை என்பதால் வெயில் காலத்தில் வகுப்பு முடிந்த பிறகும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

பெங்களூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியில் ஒரு விளையாட்டு இருந்தது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கதை ஓடும். நடுவில் நின்று, இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். நாம் சொல்கிறபடி கதை போகும். பாதிக்கு மேல் போனால், நடந்து முடிந்த ஒரு நாளுக்குத் திரும்பிச் சென்று அன்று செய்ததை மாற்றிச் செய்ய வழி கிடைக்கும். மாற்றிவிட்டு வந்தால், செத்துப்போன ஆள் வாசலில் நின்றுகொண்டிருப்பார். மாணவர்கள் இரண்டு நாள் அதிசயப்பட்டார்கள், பிறகு கார் ஓட்டும் விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒருவர் மட்டும் அதை விடவில்லை. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர் அவர். கம்ப்யூட்டர் பழகி வரும்படி கம்பெனியே அனுப்பியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னைவிட அவ்வளவு மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"மேடம், இந்த மாதிரி ஒண்ண நம்மளே செய்ய முடியுமா? தமிழ்ல?"

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் செய்யலாம், ஆனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்றேன். கேள்வி கேட்பது எப்படி, ஒன்று என்று அடித்தால் ஒரு வரிக்கும் இரண்டு என்று அடித்தால் வேறு வரிக்கும் அனுப்புவது எப்படி என்று காட்டினேன். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போடச் சொன்னேன். நடுவில் ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தால் இடம் இருக்கும். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். ராஜா கதையோ பேய்க்கதையோ எழுதப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழுதிக் கொண்டுவந்தது, தூறல் விழும் ஒரு காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஒரு தம்பியைப் பற்றி. கம்பெனி பஸ் போய்விட்டது. அண்ணன் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறான். அண்ணா, வண்டியை எடுத்துக்கட்டுமா என்று தம்பி கேட்கிறான். திரை நின்று கேட்கும்: சாவி கொடுக்கிறாயா? ஒன்று, ஆம். இரண்டு, இல்லை.

ஒன்று அடித்தேன். ஒரே வரி வந்தது: சிப்காட் திருப்பத்தில் லாரி.

அவரைத் திரும்பிப் பார்த்தேன். "என் தம்பிதான் மேடம். மூணு வருசமாச்சு. நான்தான் ஊர்லயிருந்து கூட்டியாந்து வேலைல சேத்துவிட்டன். தூக்கத்துல 'ம்'னு சொல்லிட்டன். அம்மா அதுக்கப்புறம் எங்கூடப் பேசறதில்ல."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். "இரண்டை அடிச்சுப் பாருங்க," என்றார். அடித்தேன். தம்பி முணுமுணுத்துக்கொண்டே டவுன் பஸ் பிடித்து, அரை மணி லேட்டாகப் போய், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, மெமோவோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாள் வந்து அந்த இரண்டாம் வழியிலேயே எழுதிக்கொண்டு போனார். தம்பி அண்ணனோடு மூன்று நாள் பேசாமல் இருந்தான். மெமோவை மடித்து அலமாரியில் போட்டான். தம்பிக்குத் தளியில் பெண் பார்க்கப் போனார்கள். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். முதல் வழி மட்டும் அந்த ஒரே வரியாக அப்படியே இருந்தது. நான் தப்புகளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதுதான் உண்மை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் மனைவியை அழைத்து வந்தார். அங்கே போய் என்னதான் செய்கிறீர்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் நானே படித்துச் சொன்னேன். தூறல், பஸ், தம்பி கேட்டது என்று வாசித்து, சாவி கொடுக்கிறாயா என்ற இடத்துக்கு வந்தேன்.

"ஒண்ணா, இரண்டா? எதை அடிக்கட்டும்?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல நான் எங்க இருக்கறன்?" என்றார்.

"நீ சமையக்கட்டுல இருந்தியே," என்றார் கணவர்.

"சாவி நீங்க குடுக்கல."

"நான்தான் ம்னு சொன்னனே."

"நீங்க ஒண்ணுமே சொல்லல. நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. உங்கள எழுப்ப வேணாம்னு ஆணியிலிருந்த சாவிய நான்தான் எடுத்துக் குடுத்தன். எழவு வீட்டுல நீங்களே, நான்தான் ம்னு சொன்னன்னு அழுதீங்க. நான் வாயத் தொறக்கல."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பெண் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"எதுக்கு இத்தன நாளாச் சொல்லல?" என்று அவர் கேட்டார். குரல் உயரவே இல்லை.

"உங்கம்மாவுக்குப் பயந்துதான். நீங்க அவங்க பெத்த புள்ள. உங்கள எத்தன நாளைக்குத் தள்ளி வைப்பாங்க, சரியாப் போயிடும்னு நெனச்சன். சரியாப் போகல. அப்புறம் சொல்ல முடியல."

அவர் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். செருப்பைக்கூட மாட்டவில்லை. அந்த அம்மாள் என்னிடம், "நீங்க தப்பா நெனச்சுக்காதீங்கம்மா," என்று சொல்லிவிட்டு, அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

மூன்று வாரம் அவர் வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்து கேட்கலாமா என்று தினமும் நினைப்பேன், செய்யவில்லை. ஒரு குடும்பத்தை என் கையாலேயே பிரித்துவிட்டதாக வீட்டில் அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

பிறகு ஒரு நாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். அன்றைய பாடத்தைக் கேட்டார். முடிந்ததும் தானாகவே சொன்னார். இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லையாம். அப்புறம், அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நான் கொடுத்ததாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். மனைவி அதைக் கேட்கவில்லை. மறுநாள் காலை தனியாகவே பஸ் ஏறி, மாமியாரைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார்.

"எங்கம்மா அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சன் மேடம். நானும் அடுத்த பஸ்ல போனன். போய்ப் பாத்தா ரெண்டு பேரும் தண்ணித் தொட்டிக்கிட்ட உக்காந்திருக்காங்க. எங்கம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்களாம். சாவி குடுக்கும்போது அவன் என்ன சொன்னான்னு."

"என்ன சொன்னாராம்?"

"'வதினா, டிபன் பாக்ஸ்ல ரசம் ஒழுகுது'ன்னானாம். இவ வேற துணி சுத்திக் குடுத்திருக்கா. அவ்ளோதான்."

வதினா என்றால் அண்ணி. மூன்று வருடமாக அவன் கடைசியாகச் சொன்னது என்ன என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

"அம்மா உங்ககிட்டப் பேசினாங்களா?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க," என்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அந்த விளையாட்டில் அண்ணியைச் சேர்க்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பதிந்து வைத்திருந்த ஃப்ளாப்பியைக் கேட்கவில்லை. மிச்சமிருந்த வகுப்புகளை ஒழுங்காக முடித்து, பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வருடக் கடைசியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். தேன்கனிக்கோட்டை பஸ் கிளம்ப நின்றிருந்தது. வயதான ஓர் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த மருமகளிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் கைகளால் ஒரு டப்பாவைத் துணியில் சுற்றிக் கட்டுவதுபோலக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் இடமில்லாமல் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். முன்னால் இருந்த இருவரும் என்னைக் கவனிக்கவில்லை.