பெரட்டு இல்லாத மலை

விஜிதரன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவன்தான். ஆனால் சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லுவான்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலை பஜாரில் நான் ஃபோன் கடை வைத்திருக்கிறேன். என்னை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். விஜிதரன் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுகிறவன். வயது முப்பத்தெட்டு. புருவம் எப்போதும் பாதி கருகித்தான் இருக்கும். அவன் குடியிருக்கிற லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், சிக்னல் கிடையாது. அதனால் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வந்து, என் கடை மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பான். பார்த்து முடித்ததும், குவைத்தில் வீட்டு வேலை செய்கிற மனைவி கிருஷாந்திக்கு அதைப் பற்றி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான்.

யோசனை அவளுடையது. அவள் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிற தொடராம். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, நான் பாக்குறேன். மறுநாள் நீங்க பாருங்க. பேசறதுக்கு ஏதாவது வேணுமில்லங்க" என்றாளாம். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. சாப்பிட்டியா, அங்கே மழையா என்பதையே எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது? லயத்து ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியே சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று போனவள். சுவர் எழும்பிவிட்டது. கூரை இன்னும் இல்லை.

தொடரின் பெயர் என் வாயில் நுழையாது. செத்தவர்கள் எழுந்து நடக்கிற கதை. பள்ளத்தாக்கு முழுக்க மிஸ்டு, அதாவது மூடுபனி, அந்த மிஸ்டுக்குள்ளே பிணங்கள். உயிரோடு இருப்பவர்கள் மலை உச்சிகளில். ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் கம்பி கட்டி, நீராவி எஞ்சினால் இரும்புக் கூண்டுகளை இழுக்கிறார்கள். இங்கே முன்பு கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் அனுப்பினார்களே, அதே மாதிரி. ஒரு மலையில் அடுப்புக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் மனைவி மருந்து கொண்டுவரக் கூண்டில் ஏறி அடுத்த மலைக்குப் போய்விட்டாள். அவன் அடுப்பை அணையவிடாமல் காத்திருக்கிறான். விஜிதரன் ஏன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை என்று புரிகிறதல்லவா?

அவன் விமர்சனத்தை நான் வாராவாரம் கேட்டேன். காசு வாங்கிக்கொண்டு பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இவ்வளவு கவனமாகப் பார்ப்பார்களா, தெரியாது.

"நெருப்பு சத்தத்த நல்லா புடிச்சிருக்கான் புள்ள. அடுப்புக் கதவ தெறக்கும்போது ஒரு மூச்சு விடும்ல, அப்படியே இருக்கு. கூண்டு மிஸ்டுக்குள்ள மறையிற எடம் ரொம்ப நல்லாருக்கு, ரெண்டு தடவ பாத்தேன். ஆனா ஒருத்தனும் சாம்பல் அள்ளல. ஏழு நாள் எரியுது, சாம்பல் எங்க போச்சு? ஈர வெறகப் போடுறான், பொகையே வரல. அவன் சட்ட வேற வெள்ளையா இருக்கு."

பதில் மெசேஜில் அவள் சிரிப்பது கேட்கும். பிறகு அவள் பங்கு. பிணங்கள் ஓடுகிற வேகம் பயமாக இருக்கிறது, மலைக்கு மலை போட்ட பேச்சுக் குழாயில் அடுப்புக்காரன் மனைவி பேசுகிற இடமெல்லாம் அழகு, ஆனால் நடுவில் ஒரு வில்லனைக் கொண்டுவந்து பிணங்களையே மறந்துவிட்டார்கள் என்பாள். எனக்கும் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. கல்லாவில் உட்கார்ந்தபடியே நானும் ஒரு பாகம் விடாமல் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

எட்டாவது பாகம் பார்த்த அன்று அவன் சொன்ன குறைதான் என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"அந்த மலையில பெரட்டே இல்ல. கவனிச்சியா புள்ள? எத்தன கூண்டு போகுது, வருது. யாரு வந்தாங்க, யாரு வரலன்னு ஒருத்தனும் பேர் கூப்பிடல. பேர் கூப்பிட்டாதானே இல்லாதவங்க தெரிவாங்க?"

தோட்டத்தில் காலையில் எல்லோரும் பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். கங்காணி பழனியாண்டி பேர் கூப்பிடுவார், அவரவர் "இருக்கேன்" என்பார்கள். கிருஷாந்தி கொழுந்து எடுத்தவள். அவள் குவைத்துக்குப் போன மறுநாள், பழக்கதோஷத்தில் கங்காணி அவள் பேரையும் கூப்பிட்டுவிட்டாராம். ராத்திரி வேலை முடிந்து ஸ்டோரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த விஜிதரன், களத்தின் ஓரத்தில் நின்று "வருவா" என்று கத்தியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பேரை வெட்டிவிட்டார்கள். இதை அவனே என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகும் ஒரு மாதம், வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு அந்த வழியாக நடந்ததையும் சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல், ஸ்டூலை நகர்த்திப் போடச் சொல்லி எரிந்து விழுந்தேன்.

பத்தாவது பாகத்தின்போது அவள் ஒரு சேதி சொன்னாள். ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி வீட்டுக்கார அம்மா கேட்கிறாளாம். "என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டாள்.

இவன் தலையைச் சொறிந்தான். "ஒன் இஷ்டம் புள்ள" என்றான். அதோடு விட்டானா? வில்லனின் தொப்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

அடுத்த வாரமும் கேட்டாள். அப்போதும் அதே பதில்.

"வரச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"கஷ்டப்படுறது அவ. வீடும் அவ கனவு. நான் அடுப்படியில நின்னுகிட்டு வான்னு எப்படிக்கா சொல்றது? மரியாதையா இருக்காது."

மரியாதையாம்! மனைவிக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவளைத் தனியே நிற்க வைத்துவிட்டான்.

கடைசிப் பாகம் வந்தது. பிணங்கள் கம்பியைப் பிடித்து ஏறி வருகின்றன. மலைக்காரர்கள் கம்பியை வெட்டச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து மனைவி குழாய் வழியாகக் கேட்கிறாள், நான் கூண்டில் ஏறவா வேண்டாமா என்று. அடுப்புக்காரன் இன்னொரு விறகை எடுத்து அடுப்பில் போடுகிறான். பிறகு "உன் விருப்பம்" என்கிறான். அவள் ஏறவில்லை. கம்பி அறுந்து மிஸ்டுக்குள் விழுகிறது. பாட்டோடு முடித்துவிட்டார்கள்.

விஜிதரன் ஃபோனை எடுத்தான்.

"முடிவு சரியில்ல புள்ள. படம் வரைஞ்சது, சத்தம், எல்லாம் நல்லாருக்கு. இவன்தான் சரியில்ல. இத்தன நாள் வெறகு போட்டவன் வாயத் தெறந்து வான்னு சொன்னா என்ன? கதைய எழுதினவனுக்கு..."

எனக்குப் பொறுக்கவில்லை. "எழுதினவனை விடு விஜி. அவ பேரைக் கூப்பிடு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பேசியதை அழித்துவிட்டு, ஃபோனோடு எழுந்து வாசலுக்குப் போனான். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, பெரட்டில் கங்காணி கூப்பிடுகிற மாதிரி, நெஞ்சிலிருந்து கூப்பிட்டான்.

"கிருஷாந்தீ!"

அந்தப் பேர் மட்டும்தான். அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். டீ வரவழைத்தேன், அவன் குடிக்கவில்லை. பதில் வர முக்கால் மணி நேரமானது. ஃபோனைக் காதில் வைக்கத் தைரியமில்லாமல் மேசையில் வைத்து அழுத்தினான். அதனால் நானும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு அவள் குரல்.

"முந்தாநேத்துதாங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். நான் வர வேணாம்னு நெனச்சுத்தான் ஒன் இஷ்டம்னு சொல்றீங்களோன்னு... இத ஒரு வாரம் முன்ன கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

மெசேஜ் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இருக்கேங்க" என்றாள். "இன்னொரு தடவ கூப்பிடுங்க."

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்குப் போனான். பஜாரில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டான்.