இது என் மணமில்லை

கருப்பையை எடுத்த சத்திரசிகிச்சை முடிந்து நெடுந்தீவுக்குத் திரும்பிய ஆறாம் நாள், வயிற்றுத் தையலருகே ஈரமாக உணர்ந்தேன். வியர்வை என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தாதி சொல்லியிருந்தார்: "ஒவ்வொரு நாளும் காயத்தைப் பாருங்கோ. சிவந்தா, மணத்தா, காய்ச்சல் வந்தா உடன வரவேணும்."

ஓம் என்று தலையாட்டினேன். வீட்டில் மச்சாள், என் கணவரின் தங்கை, பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல, பழைய சேலையால் என் வயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"கட்டாட்டி வயிறு பானை மாதிரித் தொங்கும். பிறகு அண்ணை வேற ஆளைத் தேடுவார்" என்று சிரித்தார்.

அவரே தினமும் வந்து, காயத்தை மூடியிருந்த உள்துணியில் கை வைக்காமல், தளர்ந்த கட்டை மேலால் இறுக்கினார். அவிழ்த்துக் காட்ட எனக்கு வெட்கம். நானும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் வீட்டில் ஒரு மணம். என் கணவர் கடற்றொழிலாளி; மீன்மணம் எங்களுக்குப் புதிதல்ல. அவர் வலையை வேலிக்கு அப்பால் போட்டார். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் குளித்தார். எனக்குக் குளிர்ந்து நடுங்கியது. கடற்காற்று என்றேன்.

பிறகு காற்றுக் கடுமையாகி, வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. பதினோராம் நாள் காலை அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"இஞ்சாருமப்பா, நான் மூண்டு நாளாக் கடலுக்குப் போகேல்ல. இது என்ர மணமில்லை."

அவர்தான் கட்டை அவிழ்த்தார். துணி தோலோடு ஒட்டியிருந்தது. உள்ளே சீழ்.

அன்று பயணிகள் படகு ஓடவில்லை. தீவு ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றி வைத்திருந்தார்கள். மறுநாள் சத்திரசிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில், ஒவ்வொரு அலைக்கும் தையல் கிழிவதுபோல இருந்தது.

செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படுவது) என்றார் வைத்தியர். "முந்தியே வந்திருந்தா காயத்தை மட்டும் துப்புரவாக்கியிருப்பம். இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்று கணவரிடம் சொன்னாராம்.

மறுபடி வெட்டினார்கள். காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டார்கள். அடியிலிருந்து தானாக மூட வேண்டுமாம். மாதங்கள் சென்றன. இன்று அந்த இடம் புடைத்து நிற்கிறது. குடம் தூக்க முடியாது. தொட்டால் உணர்வில்லை, வேறொருவரின் வயிறு போல இருக்கிறது.

உங்கள் காயத்தை நீங்களே பாருங்கள். பார்க்க ஏலாவிட்டால் ஒருவருக்குக் காட்டுங்கள். என் வெட்கம் என்னைக் கொல்லப் பார்த்தது.

கணவர் இப்போதும் கடலால் வந்ததும் வாசலில் நின்று, "இது என்ர மணம்தான்" என்கிறார்.

காயம் ஆறி இரண்டு வருடம். இன்றும் காலைப் படகு வெளிக்கிடுமுன் கண்ணாடியைப் பிடித்து வயிற்றைப் பார்க்கிறேன். இன்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை என்று தெரிந்து, படகுச் சத்தம் தூரத்தில் அடங்கிய பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது.