தீக்குச்சிக் கால் ஆட்டுக்குட்டி

கொன்ஸ்ரன்ஸிடம் ஒரு பெரிய குறை இருந்தது. செபத்தில் வாய் சொல்வதை மனமும் சொல்ல வேண்டும் என்று நம்பினாள். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அவள் இருந்த ஒழுங்கையில் தமிழரும் சிங்களவருமாகப் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லா வீட்டிலும் செபமாலை உண்டு. வாய் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருக்க, மனம் குசினியில் கறியைக் கிண்டிக்கொண்டிருக்கும். மனிசர் அப்படித்தான், அதற்காக யாரும் நரகத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. கொன்ஸ்ரன்ஸால் மட்டும் அது முடியாது. ஒரு வார்த்தை மனதில் ஒட்டவில்லை என்றால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அவள் செபமாலை சொன்னால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் என்று ஒழுங்கையில் ஒரு பகிடி இருந்தது.

அவளுடைய புருஷன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிளாக். 1961 கிறிஸ்மஸுக்கு ஒரு இத்தாலியக் கப்பலின் சமையற்காரனிடம் ஒரு குடில் செற் வாங்கிக்கொண்டு வந்தான். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று இராசாக்கள், ஒரு மாடு, ஒரு கழுதை, நாலு ஆட்டுக்குட்டி. வரும் வழியில் சைக்கிள் கரியரில் குலுங்கி ஒரு ஆட்டுக்குட்டிக்கு முன்னங்கால் போய்விட்டது. ஒஸ்வால்ட் தீக்குச்சி ஒன்றை அளவாக வெட்டி, மெழுகு உருக்கி ஒட்டி, அதை நிற்க வைத்தான். நின்றது, ஆனால் சரிந்து. குடிவெறியில் நிற்கிற ஆடு என்று மகன் றொபேட் பிற்காலத்தில் அதற்குப் பெயர் வைத்தான்.

அந்தக் குடிலுக்கு ஒரு சட்டம் இருந்தது. கிறிஸ்மஸுக்கு நாலு கிழமை முன்னதாகத் திருவருகைக்காலம் தொடங்கும். அன்றிலிருந்து வீட்டில் யார் ஒரு ஒறுத்தல் செய்தாலும், அதாவது ஆசைப்பட்ட ஒன்றை விட்டாலும், வந்த கோபத்தை விழுங்கினாலும், சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு வைக்கோல் துரும்பு போடலாம். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் அந்தத் துரும்புகளைப் பரப்பி, அதன்மேல் பாலனைக் கிடத்துவார்கள். துரும்பு குறைந்தால் பாலனுக்கு முதுகு நோகும். றொபேட் சின்ன வயதில் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று துரும்பைச் சேர்த்துப் போடப் பார்த்து அடி வாங்கியிருக்கிறான். பொய்த் துரும்பு போடுவதைவிடப் பாலன் தரையில் கிடப்பது மேல் என்பது கொன்ஸ்ரன்ஸின் கட்சி.

டிசம்பர் பதினாறு தொடங்கி ஒன்பது நாளும் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகச் செபமாலை நடக்கும். ஒன்பதாம் நாள் எப்போதும் கொன்ஸ்ரன்ஸ் வீட்டில்தான். அவ்வளவு வடிவான குடில் வேறு யாரிடமும் இல்லை. பக்கத்து வீட்டு டல்சி நோனா குடிலுக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடியே, “அனே, மாதாட முகத்தைப் பாருங்கோவன்” என்று வருசம் தவறாமல் சொல்லுவாள். டல்சி வத்தளைப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பெண், தமிழ் தண்ணி மாதிரி வரும். கொன்ஸ்ரன்ஸை நங்கி, சிங்களத்தில் தங்கச்சி, என்று கூப்பிடுவாள். இவளுக்கு அவள் டல்சி அக்கா. ஒஸ்வால்ட் எழுபத்தொன்பதில் மாரடைப்பில் போனபோது மூன்று நாள் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்தவள் டல்சிதான்.

எண்பத்துமூன்று ஜூலையில் தமிழரைத் தேடிக் கூட்டம் ஒழுங்கைக்குள் வந்தது. டல்சி பின்மதிலால் கொன்ஸ்ரன்ஸையும் றொபேட்டையும் தன் வீட்டுக்குள் இழுத்து, கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தாள். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு போய் வாசலை மறித்து நின்றாள். “மெஹே தெமள கவுருத் நே. அப்பி கத்தோலிக்க” என்று அவள் சத்தம் போட்டது கட்டிலுக்குக் கீழே கேட்டது. இங்கே தமிழர் யாரும் இல்லை, நாங்கள் கத்தோலிக்கர். கொன்ஸ்ரன்ஸும் கத்தோலிக்கர்தான். அந்த நேரத்தில் அதைப் பிரித்து யோசிக்க ஒருவருக்கும் வசதியில்லை.

வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றதால் நெருப்பு வைக்கவில்லை. சாமான்களை வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். மூன்று நாள் டல்சி வீட்டில் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, பிறகு அகதி முகாமுக்குப் போய், செப்டம்பரில்தான் கொன்ஸ்ரன்ஸ் திரும்பி வந்தாள். ஒரு சாமானாவது மிஞ்சியதா என்று கேட்டாள்.

“எல்லாம் போச்சு நங்கி” என்றாள் டல்சி. “ஒண்டும் மிச்சமில்ல. உயிர் இருக்குத்தானே.”

உயிர் இருந்தது. அதைக் கொடுத்தவளே சொல்லும்போது கொன்ஸ்ரன்ஸ் மேலே கேட்கவில்லை. ஒக்டோபரில் றொபேட் ஜேர்மனிக்குப் போய்விட்டான். வெறும் வீட்டில் ஒரு பாய், ஒரு மேசை, இரண்டு பானை. கிறிஸ்மஸ் வந்தது.

குடில் இல்லாவிட்டால் என்ன, துரும்பு சேர்க்கலாமே என்று நினைத்தாள். சந்தியில் பழக்கடை வைத்திருந்த ஹுசைன் நானா அப்பிள் பெட்டிக்குள் வருகிற வைக்கோலை ஒரு பை நிறையக் கொடுத்தார். எதுக்கு என்று கேட்டவர், பதிலைக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு பிடி போட்டுக் கொடுத்தார். நாலு கிழமையும் கொன்ஸ்ரன்ஸ் சீனி தொடவில்லை. பஸ்ஸில் ஒருவன் அவளுடைய பொட்டில்லாத நெற்றியையும் பேச்சையும் சேர்த்துப் பார்த்து, தமிழ்தான் என்று கண்டுகொண்டு ஏதோ சொன்னபோது வாயைத் திறக்கவில்லை, அதற்கு ஒரு துரும்பு. முகாமில் பிடித்த இருமலைப் பற்றி ஒருவரிடமும் முறையிடவில்லை, அதற்கொன்று. நாற்பத்தாறு சேர்ந்தது. ஒன்பதாம் நாள் செபமாலையை இந்த வருசம் டல்சி தன் வீட்டில் வைக்கிறாள் என்று செபக்குழுத் தலைவர் வின்சன்ற் மாஸ்டர் வந்து சொன்னார். நல்லதாய்ப் போயிற்று, நாற்பத்தாறையும் டல்சி அக்காவின் பாலனுக்கே கொடுத்துவிடலாம் என்று கொன்ஸ்ரன்ஸ் முடிவெடுத்தாள். அதைவிட நன்றி சொல்ல அவளிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

இருபத்துநாலாம் தேதி பின்னேரம் குருவானவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, மனம் துடைத்து வைத்த மாதிரி இருக்க, சப்பாத்துப் பெட்டியோடு டல்சி வீட்டுக்குப் போனாள். விறாந்தை நிறையச் சனம். மூலையில் நீல மின்குமிழ்கள் எரிந்தன. குடிலுக்குள் மாதா, சூசையப்பர், வெறும் பலகையில் பாலன், மூன்று இராசாக்கள். ஒரு ஆட்டுக்குட்டி சரிந்து நின்றது.

கொன்ஸ்ரன்ஸ் குனிந்து பார்த்தாள். தீக்குச்சி.

சுற்றிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருசம் அந்தக் குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்ற சனம்தான் எல்லாம். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வின்சன்ற் மாஸ்டர் செபமாலை மணிகளை மிகக் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

செபமாலையின் ஐந்து சந்தோஷ தேவ இரகசியங்களும் ஆளுக்கொன்றாக முன்சொல்லத் தொடங்கின. மூன்றாவது, பாலன் பிறந்த இரகசியம், வழக்கம்போல அவளுடைய முறை. கர்த்தர் கற்பித்த செபத்தின் முதற்பாதியைத்தான் சொல்லுகிறவர் சொல்ல வேண்டும். தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்று வருகிற பிற்பாதி மற்றவர்களுடையது. அது மட்டும்தான் அன்று ஆண்டவர் அவளுக்குச் செய்த உபகாரம். மற்றவர்கள் அதைச் சொன்னார்கள். டல்சியின் குரல் எல்லோரையும்விட உயரக் கேட்டது. கொன்ஸ்ரன்ஸ் பத்து அருள்நிறையையும் ஒரு தடவையும் நிறுத்தாமல், மளமளவென்று, ஊர் சொல்கிற மாதிரியே சொல்லி முடித்தாள்.

தேத்தண்ணி குடித்துச் சனம் போன பிறகும் அவள் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தாள். டல்சி கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள், திரும்பிப் பார்க்காமல்.

“நான் எடுக்காட்டி அவங்கள் உடைச்சிருப்பாங்கள் நங்கி.”

“ஓம் அக்கா.”

“திருப்பிக் குடுப்பம் எண்டுதான் எடுத்தது. நீ முகாமில இருந்து வருவியோ, றொபேட்டோட போயிருவியோ எண்டு தெரியாது. பிறகு வந்து கேட்டாய். அந்த நேரம் வாயில அப்பிடி வந்திட்டுது. ஒருக்கா இல்ல எண்டு சொன்னா, பிறகு எப்பிடி இருக்கு எண்டு சொல்லுறது?”

“இப்ப சொல்லலாம்தானே அக்கா.”

டல்சி கோப்பைகளை மேசையில் வைத்தாள். அவளுடைய முகத்தில் வெட்கமும் கோபமும் சேர்ந்தே வந்தன. “மூண்டு நாள்” என்றாள். “என்ட மனுசன் மூண்டு நாள் நித்திரை கொள்ளேல்ல. உங்கள வச்சிருக்கிறது தெரிஞ்சா எங்களையும் சேத்துக் கொளுத்துவாங்கள். அதுக்கு நான் உன்னட்ட ஏதும் கேட்டனானா? இந்தக் களிமண் பொம்மைக்கு மூஞ்சியத் தூக்குறாய்.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் கொன்ஸ்ரன்ஸுக்கு ஆறவில்லை. கள்ளியாக மட்டும் இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள், பிறகு ஒருநாள் மன்னித்துப் பொறுத்தும் இருப்பாள். உயிர் தந்தவளை எந்த வாயால் கள்ளி என்பது? “நேரமாகுது அக்கா” என்று எழுந்து வந்துவிட்டாள். பெட்டியைக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு புதுத் துரும்பை எடுத்துக்கொண்டு பாயில் இருந்தாள். டல்சியைப் பொறுத்தேன் என்று மனதார ஒருதடவை சொன்னால் நாற்பத்தேழாவதைப் பெட்டிக்குள் போடலாம். சொல்லிப் பார்த்தாள். வாய் சொன்னது. மனம் தீக்குச்சிக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது. துரும்பை யன்னலில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலைப் பூசைக்கு முதலே கோயிலுக்கு ஓடினாள். நாற்பது வருசத்தில் நற்கருணை, ஊர்ப் பேச்சில் நன்மை, வாங்காத கிறிஸ்மஸ் ஒன்று அவளுக்கு இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் இருந்து, “ஃபாதர், என்ட உயிரைக் காப்பாத்தின ஒருத்திய நான் வெறுக்கிறன்” என்றாள்.

“ஏன் பிள்ள?”

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், “ஒரு ஆட்டுக்குட்டி, ஃபாதர்” என்றாள். “குடிலில வைக்கிறது.”

குருவானவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிசனில்லை, பூசைக்கு மணி அடிக்கப் போகிறது, அவருக்கு அது சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். “ஆட்டுக்குட்டிய விட்டுட்டு சந்தோசமாப் போய் நன்மை வாங்கு. மூண்டு அருள்நிறை சொல்லு” என்று பாவமன்னிப்புக் கொடுத்து அனுப்பினார்.

வேறு யாராவது என்றால் போய் வாங்கியிருப்பார்கள். கொன்ஸ்ரன்ஸ் மூன்று அருள்நிறையையும் சொல்லிவிட்டு உள்ளே பார்த்தாள். வெறுப்பு அப்படியே கிடந்தது. மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கு மனம் வருந்துவது, இல்லாத மன்னிப்பு ஒட்டாது, பாவத்தோடு நன்மை வாங்கக்கூடாது என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தாள், படித்ததை நம்பியும் தொலைத்திருந்தாள். பூசையில் சமாதானம் சொல்கிற நேரம் முன்வரிசை வாங்கிலிருந்து டல்சி திரும்பி, அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, கண்கலங்கச் சமாதானம் என்றாள். பிறகு எழுந்து போய் நற்கருணை வாங்கினாள். ஒழுங்கை முழுவதும் எழுந்து போய் வாங்கியது. கொன்ஸ்ரன்ஸ் மட்டும் புதுச்சேலையோடு தன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கடந்து போனவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி கேட்டுப் போனார்கள். கிறிஸ்மஸ் நாளில் ஒரு விதவை நன்மை வாங்காமல் இருந்தால் சனம் என்ன நினைக்குமோ, அதை நினைத்தது.

பதினொரு மணிபோல டல்சி பலகாரப் பீங்கானோடு வந்தாள். லேஸ் துணியால் மூடிய கேக்கும் கொக்கிஸும்.

“நங்கி, நீ நன்மைக்கு வரேல்ல” என்றாள் மெதுவாக. “சனம் ஒவ்வொண்டு கதைக்குது. நான் சொன்னன், தனிய இருக்கிற மனுசி, ஏதும் பாவம் நடந்திருந்தாலும் நாங்கள் செபிப்பம் எண்டு. நான் உனக்காகச் செபிக்கிறன்.”

உண்மையாகவே சொன்னாள். டல்சி அன்று மாலை அவளுக்காகச் செபமாலை சொல்லியும் இருப்பாள், அந்தக் குடிலுக்கு முன்னால்.

கொன்ஸ்ரன்ஸ் பீங்கானை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பலகாரத்தை இறக்கினாள். வந்த பீங்கானை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. கொடுக்க ஒன்றுமில்லாத வீட்டில் ஒரு கைப்பிடி சீனி போட்டுக் கொடுப்பார்கள். சீனிப் பேணி நாலு கிழமையாகத் தொடாமல் நிறைய இருந்தது. கை முதலில் அதற்குத்தான் போனது. பிறகு சப்பாத்துப் பெட்டியைத் திறந்தாள். நாற்பத்தாறையும் பீங்கானில் கொட்டி, லேஸ் துணியால் மூடிக் கொண்டுவந்து நீட்டினாள்.

பாரம் இல்லாததால் டல்சி துணியைத் தூக்கிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருசம் ஒன்பதாம் நாளுக்கு வந்தவள். ஒவ்வொரு துரும்பும் என்ன என்று அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

“பாலனுக்குக் கீழ போடுங்கோ அக்கா. வெறும் பலகையில கிடக்கிறார்” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “நாப்பத்தாறு இருக்கு. நாப்பத்தேழாவது உங்களைப் பொறுக்கிறதுக்கு. அதைத்தான் என்னால போட முடியேல்ல.”

டல்சி பீங்கானை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். போகிற வேகத்தில் இரண்டு மூன்று துரும்பு வாசலில் விழுந்தது.

அவற்றைப் பொறுக்கத்தான் கொன்ஸ்ரன்ஸ் குனிந்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றினாள். மூன்று கரண்டி சீனி போட்டாள். டல்சியின் கேக்கில் ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். நன்றாகத்தான் இருந்தது, அவளுடைய கைப்பக்குவம் எப்போதும் அப்படி. கொன்ஸ்ரன்ஸ் அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டாள்.