வரகுத்தாள் மேல் நின்ற பஸ்

சாலையில் போகிறவர்களைத் திட்டியே என் தொண்டை கட்டிப்போன காலம் ஒன்று உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அரியலூர் ரயிலடிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே நான் பஸ் ஓட்டினேன். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததால் கரி பஸ். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம் இருக்கும். அதில் அடுப்புக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜின் ஓடவேண்டும். காலையில் அரை மணி நேரம் கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்றடித்தால்தான் அதற்கு உயிர் வரும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும். டிக்கெட்டுக்குக் காசும் வாங்கிக்கொண்டு தள்ளவும் சொல்கிறாயா என்று கேட்டவர்களும் கடைசியில் தள்ளத்தான் செய்தார்கள்.

அப்படிப்பட்ட வண்டி நடுவழியில் நின்றால் மறுபடி கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே என்னை நிறுத்த வைக்கிற யாரைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சாலையில் நிறுத்த வைக்காதவர்கள் யார்? மாட்டுவண்டிக்காரர்கள் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்கிவிடுவார்கள். மாட்டுக்கு வழி தெரியும் என்பது அவர்கள் கட்சி. வழி தெரியும்தான், ஆனால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதில் இரண்டு மாட்டுக்கும் இரண்டு அபிப்பிராயம் இருக்கும். சந்தைக்குப் போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சாலையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். ஹாரன் அடித்தால் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் என்று ஒதுங்குவார்கள். பேச்சு பாதியில் விட்டுப்போனது உடனே ஞாபகத்துக்கு வந்து, மறுபடி நடுவில் வந்து கூடுவார்கள். ஒரு பெரியவர் கடிதம் படித்துக்கொண்டே என் பம்பர் வரை நடந்து வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, இது பெரம்பலூர் பஸ்தானே என்று விசாரித்தார். எதிரே வருகிற டிரைவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லாரிக்காரர் ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது ஸ்டியரிங்கை முழங்காலால் பிடித்துக்கொள்வார்.

நான் அப்படி இல்லை, என் கண் சாலையை விட்டு நகராது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வாய் மட்டும்தான் நகரும். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எல்லோரிலும் என்னை அதிகம் படுத்தியவர் ஒரு பெண்மணி. பேரளி தாண்டி ஒரு சின்ன ஊர். அந்தப் பக்கத்து வழக்கம், அறுத்த வரகையும் கொள்ளுச்செடியையும் கொண்டுவந்து சாலையில் பரப்பிவிடுவது. பஸ்ஸும் வண்டியும் மேலே ஏறிப் போகப் போக மணி உதிர்ந்துவிடும். களம் இல்லாதவர்களுக்கும் போரடிக்க மாடு இல்லாதவர்களுக்கும் இது பெரிய ஒத்தாசை. எனக்குப் பெரிய உபத்திரவம். தாள் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், பிரேக் போட்டால் வழுக்கும். அந்த அம்மா தாளின் நடுவில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். நான் ஹாரனை விடாமல் அடிப்பேன். அவர் சாவகாசமாக முதுகை நிமிர்த்தி, சேலைத் தலைப்பை உதறி, ஓரடி, ஒரே ஓரடி தள்ளி நிற்பார். என் வண்டி போனதும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். பார்வை என்மேல் ஒரு நாளும் திரும்பியதில்லை.

தை மாசத்தில் ஒரு நாள் பயணி ஒருவர் அந்த ஊரில் இறங்கினார். அந்தச் சமயம் பார்த்து அந்த அம்மா என் சன்னலுக்குக் கீழே வந்து, சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"ஐயா, ஓரமாப் போறீங்க. கொஞ்சம் இந்தப் பக்கமா மேல ஏத்திட்டுப் போனீங்கன்னா நல்லாருக்கும். வருசத்துக்கும் எங்களுக்கு இதாங்க சோறு."

நான் உன் வீட்டு மாடா என்று கேட்டேன். அவர் தாளுக்கே திரும்பிப் போய்விட்டார். என் கிளீனர்தான் வண்டி கிளம்பிய பிறகு அவரைப் பற்றிச் சொன்னார். கணவர் அஸ்ஸாம் பக்கம் ரோடு போடும் கூலிக்குப் போனவர், தகவல் இல்லை. மூன்று பிள்ளைகள். விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்குப் பிடித்த கொல்லைக்காடு கொஞ்சம், அதில் விளைந்த வரகு. கிளீனர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எல்லா ஊரிலும் எல்லோரையும் தெரிந்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஆனால் வண்டி விஷயத்தில் நான் சொல்லாமல் ஒரு துரும்பையும் அசைக்கமாட்டார்.

கேட்ட பிறகாவது மனசு இளகியதா? இல்லை. மறுநாளிலிருந்து நான் வேண்டுமென்றே அந்தத் தாளைத் தொடாமல் ஓட்டினேன். சாலையை விட்டு ஒரு பக்கத்துச் சக்கரத்தை மண்ணில் இறக்கி, வண்டி ஒருக்களித்துச் சாய, உள்ளே இருப்பவர்கள் தலை கம்பியில் இடிபட, அவருடைய ஒரு மணி வரகும் என் சக்கரத்தில் உதிராமல் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

மாசி பிறந்து நல்ல காற்று. நடுப்பகலில் பெரம்பலூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். டிரம்மில் சாம்பல் அடைத்து வாயு குறைந்துபோய், வண்டி இழுக்கமாட்டாமல் வந்தது. அந்த ஊரைத் தாண்டி வெறுந்தரையில் நிறுத்திக் கிளறிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கரி பஸ்ஸில் அது எழுதாத சட்டம். டிரம்மின் கீழ்க்கதவைத் திறந்து கம்பியால் கிளறினால் சாம்பலோடு நெருப்பும் கொட்டும். புல்லோ சருகோ இருக்கும் இடத்தில் அந்தக் கதவைத் தொடக்கூடாது.

ஊருக்குள் வந்தால் அன்றைக்குச் சாலை முழுவதும் வரகுத்தாள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நான் தினம் ஒதுங்கிப் போவதைப் பார்த்து, ஒதுங்க வழியே இல்லாதபடி அந்த அம்மா பரப்பிவிட்டார் என்று புரிந்தது. சரி, ஏறியே போவோம் என்று போனால், எதிரே ஒரு மாட்டுவண்டி. வண்டிக்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார். மாடுகள் நட்ட நடுவில் நின்று தாளை மேய ஆரம்பித்துவிட்டன. பிரேக்கை மிதித்தேன். என்ஜின் இரண்டு முறை இருமி, நின்றே போயிற்று.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. கீழே குதித்தேன். முதலில் வண்டிக்காரரை எழுப்பித் திட்டினேன். அப்புறம் அந்த அம்மாவைத் திட்டினேன். ரோடு உங்கள் அப்பன் வீட்டுக் களமா, கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சக்கரத்தில் மாட்டிச் சாகத்தான் போகிறீர்கள் என்று அத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். பயணிகளும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். பின்னாலிருந்து கிளீனரின் குரல் கேட்டது.

"தம்பி, இங்கயே கெளறிடவா?"

கேட்ட தொனியிலேயே சந்தேகம் இருந்தது. இப்போது அது காதில் ஒலிக்கிறது, அன்று ஒலிக்கவில்லை. நான் திரும்பக்கூட இல்லை. "கெளறுங்கண்ணே, அதையும் என்னைக் கேக்கணுமா" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து திட்டலைத் தொடர்ந்தேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தால் பஸ்ஸுக்குப் பின்னால் தாள் பற்றி எரிகிறது. காற்று தீயை வண்டிக்கு அடியில் கொண்டுவந்துகொண்டிருந்தது.

நான் கல்லாக நின்றேன். மற்றவர்கள் நிற்கவில்லை. பயணிகளுக்குத் தள்ளித் தள்ளிப் பழக்கம். யாரும் சொல்லாமலே வண்டிக்கு முன்னால் சேர்ந்து, எரிந்து முடிந்த கரியின் மேலேயே பின்னுக்குத் தள்ளி, மண் ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் சற்று முன் திட்டிய வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டு, வண்டியிலிருந்த கவைக்கம்பை எடுத்துக்கொண்டு தீக்குள் இறங்கினார். எரிகிற தாளுக்கும் எரியாத தாளுக்கும் நடுவே இடைவெளி போட்டது அவர்தான். அந்த அம்மா வெறும் கையால் தாளை அள்ளி அள்ளி அப்பால் எறிந்தார். நான் அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் மண்ணை வாரிப் போட்டேன்.

தீ அடங்கியபோது பரப்பியதில் பாதிக்கு மேல் போயிருந்தது. அவர் சாம்பலின் ஓரத்தில் உட்கார்ந்து, அடியில் கருகாமல் கிடந்த மணியை முறத்தில் கூட்டித் தள்ளினார். அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். இந்த இடத்தில் கதவைத் திறந்தது யார் என்று கேள்வி வந்தது. எல்லோருடைய பார்வையும் கம்பியைக் கையில் வைத்திருந்த கிளீனரிடம் போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் வேலை போயிருக்கும், என் வேலை இருந்திருக்கும். அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு சொன்னேன். "அவர் மேல தப்பு இல்ல. எங்கிட்ட கேட்டாரு. நான் திரும்பிப் பாக்காம கெளறச் சொல்லிட்டேன்."

அந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"தெனமும் எங்களைத்தானேங்க பாத்து நடக்கச் சொல்லுவீங்க" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் என்னைப் பிடித்து வைத்து முதலாளிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றார். அடிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. உனக்கு என்ன வேண்டும், நீயே சொல் என்று அவரிடம் விட்டார்கள். அவர் யோசித்துச் சொன்னார்.

"இன்னும் பாதி கொல்லையில கெடக்குதுங்க. நாளைக்குப் பரப்புறேன். இவரே மேல ஏத்தி ஓட்டிக் குடுக்கட்டும். ஒதுங்கிப் போகக்கூடாது."

முதலாளியிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். மனுஷர் ஆடித் தீர்த்துவிட்டார். கரி பஸ் ஓட்டத் தெரிந்தவர்கள் அப்போது குறைவு என்பதால் வேலையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த ஊருக்கு முன்பே வெறுந்தரையில் நிறுத்தி, சாம்பல் கதவு இறுக மூடியிருக்கிறதா என்று கிளீனரும் பார்த்து நானும் கம்பியால் தட்டிப் பார்த்த பிறகு வந்தேன். சாலையில் பாதி அகலத்துக்குத்தான் தாள் பரப்பியிருந்தது. வண்டி மாடுகளுக்கு மறுபாதியை விட்டிருந்தார்கள். அந்த அம்மா பஸ்ஸுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், நேராக என்று கையைக் காட்டினார். நான் அவர் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு நடை வேகத்தில் ஓட்டினேன். பயணிகளிடம் முன்பே கேட்டிருந்தேன், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முந்தின நாள் தீயை அணைத்தவர்களில் இரண்டு பேர் வண்டியில் இருந்தார்கள். நாலு நாள் போகவும் வரவும் இதே வேலை.

கடைசி நாள் அவர் தூற்றி முடித்து, குவியலைக் கண்ணால் மதிப்புப் போட்டு, ஆடி வரைக்கும் தாங்கும் என்றார். அதற்கப்புறம் என்று கேட்டேன். ஐப்பசியில் கம்பு வந்துவிடும், நடுவில் எப்படியாவது பார்த்துக்கொள்வோம் என்றார். அந்த 'எப்படியாவது' எனக்குத் தெரியாதா? என் மனைவியின் பிறந்தகம் திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்து நெல். அங்கிருந்து வந்த மூட்டைகளில் ஒன்றை அடுத்த வாரம் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கினேன். வாங்குவாரோ மாட்டாரோ என்று பயமாக இருந்தது. அவர் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெல்லக் குடுத்துட்டோம்னு மறுபடியும் வைய ஆரம்பிச்சிடாதீங்க" என்றார். கிளீனர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பிறவிக் குணம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் வண்டியை நிறுத்தி, பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். பாதி நாள் அதற்குள் கோபம் ஆறிப்போயிருக்கும். மற்ற ஊர்களிலும் பாதிச் சாலையில் பரப்பும் வழக்கம் மெல்ல வந்தது. வண்டிக்காரர்கள் மட்டும் கடைசி வரை தூங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் கூரைக்கு மேல் புகையைத் தேடுவேன். சில நாள் இருக்கும். சில நாள் இருக்காது. இல்லாத நாளில் எனக்கும் சோறு சரியாக இறங்காது.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை வேளை. பஸ் நிறையக் கூட்டம், ரயிலைப் பிடிக்கிற அவசரம். தூரத்தில் நடுச்சாலையில் ஒருவர் நின்று இரண்டு கையையும் வீசுகிறார். கிட்டே போனால் அந்த அம்மா. தலையில் கூடை. ஹாரன் அடித்தேன், ஓரடிகூட நகரவில்லை. நிறுத்தினேன். ஏறப்போகிறார் என்று நினைத்தேன். ஏறவில்லை. சன்னலுக்குக் கீழே வந்து, கூடையிலிருந்து ஒரு கம்புக் கதிரை எடுத்து என் கையில் வைத்தார்.

"அறுத்தாச்சுங்க" என்றார்.

ரயில் போய்விடும், ரோட்டில் நின்றுகொண்டு என்ன பேச்சு என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, கதிரைக் கசக்கி நாலு மணியை வாயில் போட்டுக்கொண்டேன். பால் வற்றி நன்றாக முற்றியிருந்தது.